பரீட்சை பயத்துக்கு சிபிடி: ஒரு நோட்டும் பேனாவும் வெச்சு வீட்லயே ஆரம்பிக்கிறது எப்படி

என் சித்தி பொண்ணு ஈரோட்ல ப்ளஸ் டூ படிக்கிறா. அரையாண்டுல கெமிஸ்ட்ரி அன்னிக்கு கொஸ்டின் பேப்பர் கைக்கு வந்ததும் முதல் ஒரு மார்க் கேள்வியே தெரியல, அவ்வளவுதான், நெஞ்சு படபடன்னு அடிச்சு உள்ளங்கை வேர்த்து, முந்தின நாள் ராத்திரி எனக்கு போன்ல ஒப்பிச்சுக் காட்டின பாடம்கூட மறந்துபோய், வாசிக்கிறதுக்குன்னு குடுக்குற அந்த 10 நிமிஷமும் பேப்பரை வெறிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. "பயப்படாம எழுதுன்னு எத்தனை தடவை சொல்றது"ன்னு சித்தப்பா கேட்டாராம். பாசத்துல சொன்னதுதான், ஆனா பயப்படாம இருக்கறது எப்படின்னு தெரிஞ்சிருந்தா அவ இருந்திருப்பாளே.

எனக்கு அந்த பயம் நல்லாவே தெரியும். காலேஜ்ல ரெண்டாவது வருஷம் லேப் வைவா, அதாவது நேர்ல கேள்வி கேட்டு வாயால பதில் சொல்ற பரீட்சைன்னாலே எனக்கு வயிறு கலக்கும், வெளியில இருந்து எக்ஸ்டர்னல் வந்து உக்காந்தா என் பேரைக் கேட்டாக்கூட நாக்கு ஒட்டிக்கும். கடைசில ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போனேன், நாலு மாசம் வாராவாரம் சிபிடி எடுத்துக்கிட்டேன். அங்க கத்துக்கிட்டதைத்தான் இப்ப ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை இவளுக்கு சொல்லிக் குடுக்கறேன், அதையே இங்கயும் எழுதறேன். டாக்டருக்குப் பதிலா இல்ல இது, ஆனா பரீட்சை, செமினார், வைவா, கிளாஸ்ல எழுந்து பேசறது மாதிரி பயங்களுக்கு நீங்களே ஆரம்பிக்கலாம்.

முதல்ல சிபிடின்னா என்னன்னு சுருக்கமா. காக்னிடிவ் பிஹேவியரல் தெரபி, தமிழ்ல அறிவாற்றல் நடத்தை சிகிச்சைன்னு எழுதறாங்க. 1960கள்ல அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரோன் பெக்னு ஒரு மனநல மருத்துவர் ஆரம்பிச்சது. அவரு அதுக்கு முன்னாடி சோபாவுல படுக்க வெச்சு பழைய கதையெல்லாம் பேச விடற ஃப்ராய்டு முறையில பயிற்சி எடுத்தவரு. நோயாளிங்க வாயால சொல்ற விஷயத்துக்கு அடியில இன்னொரு ஓட்டம் வேகமா ஓடுதுங்கறதை அவரு கவனிச்சாரு, "நான் சரியா பேசல, இவரு என்னைப் பத்தி என்ன நினைப்பாரோ" மாதிரி சின்ன சின்ன நினைப்புங்க, கேட்டாத்தான் சொல்லுவாங்க, கேக்கலன்னா அவங்களுக்கே அது ஓடறது தெரியாது. தானா வர்ற நினைப்புன்னு அதுக்கு பேர் வெச்சாரு. நடந்த விஷயத்தை விட அதுக்கு நம்ம மனசு குடுக்குற அர்த்தம்தான் நம்மள ஆட்டி வைக்குது, அந்த அர்த்தத்தை எடுத்து வெளிச்சத்துல வெச்சு சோதிச்சுப் பாக்கலாம், இதுதான் அடிப்படை. அவரு 2021ல தன்னோட 100வது வயசுல இறந்தாரு, அதுக்குள்ள உலகம் பூரா இந்த முறை பரவிடுச்சு.

இதுல ஒண்ணை இப்பவே சொல்லிடறேன். சிபிடில ரெண்டு பாதி இருக்கு, நினைப்பை சோதிக்கறது ஒண்ணு, செஞ்சு பாக்கறது இன்னொண்ணு. நெட்ல படிக்கறவங்க நிறைய பேரு முதல் பாதியோட நின்னுடறாங்க, எனக்கு பயம் நிஜமா குறைஞ்சது ரெண்டாவது பாதியிலதான். அதனால இதை படிச்சுட்டு மட்டும் போயிடாதீங்க, ஒரு 40 பக்க நோட்டு வாங்கி வெச்சுக்கங்க. போன்ல டைப் பண்றதை விட கையால எழுதறதுதான் எனக்கு உதவுச்சு, போனை எடுத்தா வேற எங்கயாவது போயிடுவோம்.

முதல் வாரம்: ஒரே ஒரு சம்பவத்தை எழுதுங்க

பொதுவா "எனக்கு பயமா இருக்கு"ன்னு எழுதாதீங்க. ஒரு நாள், ஒரு நேரம், ஒரு இடம் எடுத்துக்கங்க. என்ன நடந்துச்சு, அப்ப மனசுல என்ன ஓடுச்சு, உடம்புல என்ன ஆச்சு, பயம் 0லேர்ந்து 100க்குள்ள எவ்வளவு, அதுக்கு அப்புறம் நீங்க என்ன பண்ணீங்க. இந்த அஞ்சும் போதும்.

என் சித்தி பொண்ணு எழுதின முதல் பக்கம் இது (அவகிட்ட கேட்டுட்டுத்தான் போடறேன்): "திங்கக்கிழமை காலைல, மதியம் பிசிக்ஸ் டெஸ்ட். நினைப்பு, இதுலயும் போச்சுன்னா அப்பா முகத்துல எப்படி முழிப்பேன். உடம்பு, வயிறு கலக்கல், கை ஜில்லுன்னு ஆச்சு. பயம் 80. பண்ணது, புக்கை மூடிட்டு ரீல்ஸ் பாத்தேன், அப்புறம் வயித்து வலின்னு அம்மாகிட்ட சொல்லி லீவு போட்டேன்."

இதுல கடைசி வரியைப் பாருங்க. லீவு போட்டதும் என்ன ஆகியிருக்கும்? அப்பாடான்னு இருந்திருக்கும். பயம் 80லேர்ந்து சட்டுனு 20க்கு வந்திருக்கும். அந்த அப்பாடாதான் பயத்துக்கு தீனி, ஏன்னா நம்ம மூளை அதுலேர்ந்து கத்துக்கிறது ஒரே பாடம்தான், "டெஸ்ட் ஆபத்து, ஓடினதாலதான் பொழைச்சோம்". அடுத்த டெஸ்ட்டுக்கு இன்னும் சீக்கிரமா, இன்னும் சத்தமா மணி அடிக்கும். படிக்காம ரீல்ஸ் பாத்தது, லீவு போட்டது, சந்தேகம் கேக்காம இருந்தது, கடைசி பெஞ்சுக்கு மாறி உக்காந்தது எல்லாம் ஒரே வகைதான், தவிர்க்கறது. உங்க நோட்டுல ஒரு வாரம் முழுக்க எழுதிட்டு கடைசி வரிகளை மட்டும் திரும்பப் படிச்சுப் பாருங்க, நீங்க எந்த வழியா தப்பிக்கறீங்கன்னு தெரிஞ்சிடும்.

உடம்பு விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், இது தெரியாம பாதி பேரு பயத்தைப் பாத்தே பயப்படறாங்க. ஆபத்துன்னு மூளை நினைச்சதும் அட்ரினலின் சுரக்குது, இதயம் வேகமா அடிச்சு தசைக்கு ரத்தத்தை அனுப்புது, செரிமானம் அப்போதைக்கு பின்னாடி போகுது, அதான் வயிறு பெசையறது. வேக வேகமா மூச்சு வாங்கறதால ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு குறைஞ்சு தலை கிறுகிறுன்னும் விரல் நுனி மரத்தும் போகுது. நாய் துரத்தினா ஓடறதுக்காக இருக்கற ஏற்பாடு, கொஸ்டின் பேப்பரைப் பாத்து வேலை செய்யுது. ஏறும், உச்சிக்குப் போகும், நம்ம ஓடாம இருந்தா தானா இறங்கும். அடிக்கடி படபடப்பு, எடை குறையறது, கை நடுக்கம்னு இருந்தா மட்டும் ஒரு தடவை தைராய்டு டெஸ்ட் எடுத்துடுங்க, தைராய்டு கூடினாலும் இதே மாதிரி இருக்கும். ராத்திரி முழிச்சுப் படிக்க நாலு காபி குடிக்கறவங்க அதையும் குறைச்சுப் பாருங்க.

ரெண்டாவது வாரம்: நினைப்பை பிடிச்சு சோதிக்கறது

மனசு திடீர்னு கீழ விழுந்த அந்த நிமிஷத்துல "இப்ப எனக்குள்ள என்ன ஓடுச்சு"ன்னு கேளுங்க. பெரும்பாலும் அது கேள்வியாத்தான் வரும், "மறந்துட்டா என்ன பண்றது", "பெயிலாயிட்டா?" கேள்வியை சோதிக்க முடியாது, அதனால அதை ஒரு வாக்கியமா மாத்தி எழுதணும், "நான் எல்லாத்தையும் மறந்துடுவேன்", "நான் பெயிலாயிடுவேன்". எழுதும்போதே கொஞ்சம் கூச்சமா இருக்கும், பரவால்ல எழுதுங்க. பக்கத்துல இதை எவ்வளவு நம்பறீங்கன்னு ஒரு நம்பர்.

அப்புறம் அதுக்கு கீழ இறங்கிப் போங்க. "அப்படியே ஆச்சுன்னு வெச்சுக்குவோம், அதனால என்ன?" மறுபடியும் அதே கேள்வி. இவ இறங்கினப்ப இப்படி வந்துச்சு: கெமிஸ்ட்ரில மார்க் போகும், நர்சிங் சீட் கிடைக்காது, அப்பா டியூஷனுக்குக் கட்டின காசெல்லாம் வீண், நான் இந்த வீட்டுக்கு பாரம். கடைசி வரியை எழுதிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அவ பயந்தது கெமிஸ்ட்ரிக்கு இல்ல. இந்த இடத்துக்கு வரும்போது அழுகை வரலாம், அப்ப நோட்டை மூடி வெச்சுட்டு யாராவது கூட இருக்கறப்ப தொடருங்க, ஒரே நாள்ல முடிக்கணும்னு இல்ல.

இப்ப சோதனை. பக்கத்தை ரெண்டா பிரிச்சு கோடு போடுங்க. இந்த நினைப்பு சரின்னு சொல்ற ஆதாரம் ஒரு பக்கம், சரியில்லன்னு சொல்ற ஆதாரம் இன்னொரு பக்கம். ஆதாரம்னா நடந்த விஷயம், "எனக்கு அப்படித்தான் தோணுது"ங்கறது ஆதாரம் கிடையாது. "எல்லாத்தையும் மறந்துடுவேன்"ங்கறதுக்கு ஆதாரம், அரையாண்டுல 10 நிமிஷம் ஒண்ணுமே ஞாபகம் வரல. எதிர் ஆதாரம், அதே பேப்பர்ல அரை மணி நேரம் கழிச்சு ஆர்கானிக் கேள்விங்க ஞாபகம் வந்து எழுதினா, பயாலஜில பிளாங்க் ஆகவே இல்ல, பாஸும் பண்ணியிருக்கா. ரெண்டையும் சேத்து ஒரு வாக்கியம்: "பயம் வந்தா கொஞ்ச நேரம் ஞாபகம் வராது, அப்புறம் வரும், வந்ததுக்கு அப்புறம் எழுத நேரம் இருக்கு." முன்னாடி நம்பிக்கை 90, இதை எழுதினப்புறம் 55. 0க்கு வரணும்னு எதிர்பாக்காதீங்க, 55 ரொம்ப நல்ல நம்பர்.

இது பாசிட்டிவ் திங்கிங் இல்ல, அதை அழுத்தி சொல்லணும். "நான் கண்டிப்பா சென்டம் வாங்குவேன்"னு கண்ணாடி முன்னாடி நின்னு நூறு தடவை சொன்னாலும் மனசு நம்பாது, அதுக்கு ஆதாரம் இல்லன்னு அதுக்கே தெரியும். நம்பற மாதிரி இருக்கற உண்மைதான் வேலை செய்யும்.

சில நினைப்புங்க ஒரே அச்சுல வரும், பழகிட்டா சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம். நடக்காததை நடந்த மாதிரி ஜோசியம் சொல்றது. அடுத்தவங்க மனசுல இருக்கறதைப் படிச்சுட்ட மாதிரி நினைக்கறது, "சார் என்னை மக்குன்னு நினைச்சுட்டாரு". சென்டம் இல்லன்னா பெயிலுக்கு சமம்னு நடுவுல எதுவுமே இல்லாத மாதிரி பாக்கறது. எதுல மாட்டிக்கிட்டாலும் ஒரு கேள்வி எனக்கு எப்பவும் உதவும்: என் பிரண்டு இதையே என்கிட்ட சொன்னா நான் அவளுக்கு என்ன சொல்லுவேன்?

சில சமயம் அந்த நினைப்பு உண்மையாவே இருக்கும். எட்டு யூனிட்ல அஞ்சு படிக்கவே இல்ல, பரீட்சைக்கு பத்து நாள் இருக்கு, பயமா இருக்குன்னா அது நினைப்போட கோளாறு இல்ல, சரியான தகவல். அதுக்கு ஆதாரம் எதிர் ஆதாரம்னு எழுதிக்கிட்டு நேரத்தை செலவு பண்ணாதீங்க. எந்த யூனிட்டை எடுத்தா அதிக மார்க் தேறும், யார்கிட்ட கேக்கலாம், இன்னிக்கு அரை மணி நேரத்துல எது முடியும்னு திட்டம் போட்டு உடனே உக்காருங்க, பயத்தோடயே.

மூணாவது வாரத்துலேர்ந்து: ஏணி

இதுதான் முக்கியமான இடம். உங்களுக்கு பயமான விஷயங்களை எழுதி ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 100க்குள்ள ஒரு நம்பர் போட்டு கீழேர்ந்து மேல அடுக்குங்க. என் வைவா ஏணி எப்படி இருந்துச்சுன்னா, ரூம்ல தனியா சத்தமா ஒரு பதில் சொல்றது 15, அதையே போன்ல ரெக்கார்டு பண்ணிக் கேக்கறது 30, ரூம்மேட் கேள்வி கேக்க நான் சொல்றது 40, கிளாஸ் முடிஞ்சதும் சார்கிட்ட போய் ஒரு சந்தேகம் கேக்கறது 55, கிளாஸ் நடக்கும்போதே கை தூக்கி கேக்கறது 70, தெரியாத கேள்விக்கு "தெரியல சார்"னு எல்லார் முன்னாடியும் சொல்றது 85, எக்ஸ்டர்னல் வைவா 95. முதல் படியே 60க்கு மேல இருந்தா நடுவுல இன்னும் சின்ன படி போடணும், பெரிய படியில போய் மோதிட்டு "எனக்கு இது சரிப்பட்டு வராது"ன்னு விட்டவங்க நிறைய.

ஒவ்வொரு படிக்கும் முன்னாடி நோட்டுல ஒரு வரி எழுதணும், என்ன நடக்கும்னு நினைக்கறேன். செஞ்சு முடிச்சதும் இன்னொரு வரி, நிஜமா என்ன நடந்துச்சு. கிளாஸ்ல கை தூக்கறதுக்கு முன்னாடி நான் எழுதினது, "எல்லாரும் சிரிப்பாங்க, குரல் நடுங்கும்". நடந்தது, குரல் நடுங்குச்சு, ரெண்டு பேரு திரும்பிப் பாத்தாங்க, யாரும் சிரிக்கல, அடுத்த பீரியட்ல பக்கத்து பெஞ்சு பையன் வந்து "எனக்கும் அதே டவுட்டுதான்"னு சொன்னான். அந்த பக்கத்தை நான் இன்னும் வெச்சிருக்கேன். யாரு எவ்வளவு ஆறுதல் சொல்லியிருந்தாலும் அந்த ரெண்டு வரி பண்ணின வேலையை பண்ணியிருக்காது. பயம் உச்சத்துல இருக்கும்போது பாதியில எழுந்து வந்துடாதீங்க, கொஞ்சமாவது இறங்கற வரைக்கும் இருங்க, ஒரே படியை மூணு நாலு தடவை செய்யுங்க, அலுப்பு தட்டினா அடுத்த படிக்குப் போற நேரம்.

பரீட்சைக்கு இவளுக்குப் போட்ட ஏணி வேற மாதிரி. பழைய பப்ளிக் கொஸ்டின் பேப்பர் ஒண்ணை எடுத்து வீட்டு மேஜையில நேரம் பாக்காம எழுதறது முதல் படி. அப்புறம் மூணு மணி நேரம் கடிகாரம் வெச்சு, 10 நிமிஷ வாசிப்பும் சேத்து. அப்புறம் டியூஷன்ல நாலு பேரோட உக்காந்து. அதுக்கு மேல, வேணும்னே தெரியாத கேள்வியிலேர்ந்து ஆரம்பிக்கறது. இன்னும் மேல, வேணும்னே ஒரு ஒரு மார்க் கேள்வியை விட்டுட்டு பேப்பரை கட்டிக் குடுக்கறது, இதுக்கு அவ போட்ட நம்பர் 80. அப்புறம் என் சைக்காலஜிஸ்ட் எனக்கு சொல்லிக் குடுத்த இன்னொண்ணு: ஒரு நிமிஷம் மாடிப்படி ஏறி இறங்கி நெஞ்சு படபடன்னு அடிக்கும்போதே உக்காந்து எழுத ஆரம்பிக்கறது. படபடப்போடயும் எழுத முடியும்னு உடம்புக்கே தெரியறதுக்குத்தான். ஆஸ்துமா, இதயப் பிரச்சினை இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம இதை செய்யாதீங்க.

இதுல ஒரு பொறி இருக்கு. செய்யற மாதிரி செஞ்சுட்டு உள்ளுக்குள்ள ஒரு ஊன்றுகோலைப் பிடிச்சுக்கறது. செமினார் குடுப்போம், ஆனா ஒரு வரி விடாம மனப்பாடம் பண்ணிட்டு சிலைடை மட்டுமே பாத்து ஒப்பிப்போம். பரீட்சைக்குப் போவோம், ஆனா ஹால் டிக்கெட்டை பத்து தடவை எடுத்துப் பாப்போம், "நான் பாஸாயிடுவேன்ல"ன்னு அம்மாகிட்ட திரும்பத் திரும்பக் கேப்போம். அப்புறம் நல்லா நடந்தாலும் "அந்த ஊன்றுகோல் இருந்ததாலதான்"னு மூளை சொல்லிடும். ஒண்ணொண்ணா கீழ வைங்க, ஹால் டிக்கெட் ரெண்டு தடவை மட்டும், அம்மாகிட்ட ஒரு தடவை மட்டும்னு குறைச்சுக்கிட்டே வாங்க. மூச்சுப் பயிற்சிகூட இப்படி மாறலாம், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடறது நல்லதுதான், ஆனா "மூச்சு விட்டே பயத்தை விரட்டணும்"னு போராட ஆரம்பிச்சா பயம் கூடும். பயம் பக்கத்துல உக்காந்திருக்கட்டும், பேனா நகரணும்.

ராத்திரி படுத்ததும் கவலை சுத்துதுன்னா சாயங்காலம் 6 மணிக்கு 15 நிமிஷம் கவலைக்குன்னே ஒதுக்குங்க, அப்ப உக்காந்து எல்லாத்தையும் எழுதுங்க, மத்த நேரத்துல வந்தா "நாளைக்கு 6 மணிக்கு"ன்னு ஒரு வார்த்தை குறிச்சு வெச்சுட்டு விடுங்க. முதல் நாலஞ்சு நாள் கஷ்டமா இருக்கும்.

பரீட்சை அன்னிக்கு புதுசா எதுவும் முயற்சி பண்ணாதீங்க. அந்த 10 நிமிஷத்துல தெரிஞ்ச கேள்விங்க எதெதுன்னு கண்ணால தேடுங்க. பிளாங்க் ஆச்சுன்னா பேனாவை வெச்சுட்டு பாதம் தரையில படறதை கவனிங்க, ஒரு நீள மூச்சை வெளிய விடுங்க, பயிற்சியில எழுதின அந்த வாக்கியத்தை சொல்லிக்கங்க, ஏதாவது ஒரு கேள்விக்கு தலைப்பை மட்டுமாவது எழுத ஆரம்பிங்க. வெளிய வந்ததும் ஆன்சர் ஒத்துப் பாக்கற கூட்டத்துல நிக்க வேணாம்.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. "இதெல்லாம் ஒரு விஷயமா", "பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு" ரெண்டும் வேணாம். பாவம்னு லீவு போட விடறதும் பயத்தைத்தான் வளர்க்கும். "பயமா இருக்குன்னு தெரியுது, போயிட்டு வா, வந்ததும் சாப்பிட்டுட்டுப் பேசலாம்" போதும். பிள்ளை ஏணியில ஒரு படி ஏறினா மார்க்கைப் பாராட்டற மாதிரி அதையும் பாராட்டுங்க. சித்தப்பா இப்ப மார்க் கேக்கறதுக்கு முன்னாடி "இன்னிக்கு எந்த படி"ன்னு கேக்கறாரு, அவளுக்கு அதுல எவ்வளவு தெம்புன்னு அவ குரல்லயே தெரியுது.

எப்ப தனியா பண்ணாம ஆள் தேடணும்? வாரக்கணக்கா ஸ்கூலுக்குப் போக முடியல, தூக்கம் சாப்பாடு கெட்டுப் போச்சு, திடீர் திடீர்னு செத்துடுவோமோங்கற மாதிரி படபடப்பு வருது, ஒண்ணு ரெண்டு மாசம் நோட்டு எழுதியும் ஒரு படியும் ஏற முடியல, இதுல எது இருந்தாலும் போயிடுங்க. உயிரோட இருக்க வேணாம்னு ஒரு தடவை தோணினாக்கூட இந்த நோட்டையெல்லாம் ஓரமா வெச்சுட்டு இன்னிக்கே வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, 14416க்கு போன் போடுங்க. அது டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்ச மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழ்ல பேசலாம். இலங்கையில இருக்கறவங்களுக்கு 1926. மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கும், அங்க புறநோயாளி சீட்டுப் போட்டுப் பாக்கலாம், காசு இல்லன்னு தள்ளிப் போட வேணாம். தனியாருன்னா கிளினிகல் சைக்காலஜிஸ்டுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கான்னும், சிபிடி பண்ணுவாங்களான்னும், வீட்டுப்பாடம் குடுப்பாங்களான்னும் கேளுங்க. பொதுவா வாரம் ஒரு தடவை முக்கால் மணியோ ஒரு மணியோ, 12லேர்ந்து 20 வாரம் வரைக்கும் போகும்.

போகும்போது அந்த நோட்டை எடுத்துட்டுப் போங்க. முதல் நாள் எனக்கு அங்க உக்காந்ததும் வாயே வரல, நான் நோட்டு எதுவும் கொண்டு போகல, வந்த விஷயத்தை சொல்லி முடிக்கவே அன்னிக்கு முழு நேரமும் போயிடுச்சு. உங்களுக்கு வார்த்தை வரலன்னா முதல் பக்கத்தைத் திறந்து அவங்க பக்கம் திருப்பி வெச்சிடுங்க.